தண்டவாளமும் தானிய விலையும்: பொருளியல், வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

இந்தியாவில் ரயில்வே வந்ததன் விளைவுகளை விவரிக்கச் சொல்லும் கேள்வி நம் தேர்வுத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர் விடைத்தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். ஒரு பக்கம் நன்மைகள்: சந்தைகள் இணைந்தன, மக்கள் நடமாட்டம் பெருகியது, தேசிய உணர்வு வளர்ந்தது. மறுபக்கம் தீமைகள்: மூலப்பொருள் வெளியேறியது, அந்நியத் துணி உள்ளே வந்தது, வரிப்பணம் வட்டியாகக் கரைந்தது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால் முழு மதிப்பெண். இந்த விடையில் தவறான வரி எதுவும் இல்லை. ஆனால் எது எவ்வளவு பெரியது, அது நமக்கு எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விகளும் அதில் இல்லை. இவற்றுக்கு விடை தேடும் ஆய்வுகள் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்து குவிந்துள்ளன. அவை நம் வகுப்பறைக்குள் பெரும்பாலும் வரவில்லை. வெளியே பொதுவெளியில் வரும்போதோ, “வெள்ளைக்காரன் ரயில் கொடுத்தான், வருமானம் கூடியது, ஆய்வே சொல்லிவிட்டது” என்று ஒற்றை வரியாகச் சுருங்கி வருகின்றன. அந்த ஒற்றை வரி ஏன் பிழை, ஆய்வு உண்மையில் என்ன சொல்கிறது, நீங்கள் அதை ஏன் பாடமாக நடத்த வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

விவாதம் பழையது, நம் முன்னோர் அதை மிகுந்த தீவிரத்துடன் நடத்தினார்கள். பம்பாயிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரலில் முதல் பயணி வண்டி ஓடியது. மூன்றாண்டுகள் கழித்து, 1856 ஜூலையில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு மதராஸின் முதல் வண்டி புறப்பட்டது. லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகள் பாதை போட்டன. போட்ட முதலுக்கு 5 சதவீத வருமானத்தை அரசு உறுதி செய்தது, நிலத்தையும் இலவசமாகக் கொடுத்தது. வண்டி லாபத்தில் ஓடாத ஆண்டுகளில் அந்த 5 சதவீதத்தை ஈடுகட்டியது இந்தியக் குடியானவர் கட்டிய தீர்வை. செலவு மிஞ்சினாலும் வருமானம் குறையாது என்று தெரிந்த கம்பெனிக்குச் சிக்கனம் எதற்கு? தாதாபாய் நௌரோஜி இதைச் செல்வ வடிகாலின் ஒரு கூறாகக் கண்டார். ரமேஷ் சந்திர தத், பாசனத்துக்குப் போகவேண்டிய பணம் தண்டவாளத்துக்குப் போனதாக இரண்டு தொகுதிகளில் வாதிட்டார். ‘சுதேசமித்திரன்’ நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் அந்நிய முதலீட்டின் விளைவுகளைப் பற்றி விரிவாக எழுதினார். காந்தி 1909இல் ‘இந்து சுயராஜ்யம்’ நூலில் இன்னும் ஒரு படி மேலே போய், ரயில் பிளேக் நோயைப் பரப்பியது, பஞ்சங்களை அதிகமாக்கியது என்றார். விலை எங்கே அதிகமோ அங்கே தானியம் ஓடிவிடும், விளைந்த ஊர் வெறுமையாகும் என்பது அவருடைய தர்க்கம்.

இவர்கள் யாரும் அறியாமையில் பேசவில்லை. கையில் கிடைத்த அரசு அறிக்கைகளைக் கொண்டே அரசை எதிர்த்தார்கள். ஆனால் அவர்களால் செய்ய முடியாத ஒன்று இருந்தது. ரயில் வந்த ஒரு மாவட்டம் செழித்தால், ரயிலால் செழித்ததா, செழிக்கப்போகும் மாவட்டம் என்பதால்தான் ரயில் அங்கே போனதா? பருத்தி விளையும் கரிசல் பூமிக்கும் படை நிறுத்திய ஊருக்கும் முதலில் பாதை போட்டார்கள். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1853இல் எழுதிய குறிப்பிலேயே படை நகர்வும் வணிகமும் முன்னால் நிற்கின்றன. எனவே ரயில் உள்ள மாவட்டத்தையும் இல்லாத மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரயிலின் விளைவு தெரியாது, ரயில் போட்டவர்களின் தேர்வுதான் தெரியும். ரயில் வராமலே இருந்திருந்தால் அதே மாவட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதே அசல் கேள்வி. அமெரிக்க ரயிலைப் பற்றி ராபர்ட் ஃபோகல் 1964இல் இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். கால்வாய்கள் நிறைந்த அந்த நாட்டில் ரயில் இல்லாவிட்டாலும் பெரிய இழப்பு இருந்திருக்காது என்று கணக்கிட்டு எல்லோரையும் அதிரவைத்தார். அதே வழியில் இந்தியாவுக்குக் கணக்குப் போட்ட ஜான் ஹர்டுக்குக் கிடைத்த எண் அதைவிடப் பெரியது, 1900 வாக்கில் தேசிய வருமானத்தில் சுமார் 9 சதவீதம். காரணம் எளிது. இங்கே ரயிலுக்கு மாற்றாக இருந்தவை மாட்டு வண்டியும் பொதிமாடும். பொதிமாடு ஒரு நாளில் முப்பது கிலோமீட்டர் போனால் அதிகம், மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

எம்.ஐ.டி. பொருளியலாளர் டேவ் டொனால்ட்சன் 2018இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை மாவட்ட வாரியாக எடுத்துக்கொண்டது. அதில் என்னை மிகவும் கவர்ந்தது உப்பு. சரக்கைக் கொண்டுபோகும் செலவு எவ்வளவு குறைந்தது என்று அறிய வேண்டும், ஆனால் வண்டிக்கூலி, தரகு, வழிச்சேதம் எல்லாம் சேர்ந்த உண்மைச் செலவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அரிசி விலையை வைத்து அதை ஊகிக்க முடியாது, ஏனென்றால் ஒரு சந்தையில் விற்கும் அரிசி எங்கே விளைந்தது என்று தெரியாது. உப்பு அப்படி இல்லை. கோஹாட் உப்பு கோஹாட்டில் மட்டுமே கிடைக்கும், சாம்பார் உப்பு சாம்பார் ஏரியில் மட்டுமே கிடைக்கும், இரண்டும் தனித்தனிப் பெயரில் விலைப் பட்டியலில் பதிவாயின. கோஹாட்டில் அந்த உப்பின் விலை என்ன, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி அதே உப்பின் விலை என்ன, இடையே உள்ள வித்தியாசம்தான் கொண்டுபோகும் செலவு. பாதை திறந்த பின் அந்த வித்தியாசம் குறைந்தது. கடைத்தெருவில் எழுதிவைத்த உப்பு விலையிலிருந்து ஒரு பேரரசின் போக்குவரத்துச் செலவையே வெளியே எடுத்த இந்த யோசனை, புள்ளியியல் என்றால் அஞ்சும் மாணவருக்கும் ஐந்து நிமிடத்தில் புரியும்.

அடுத்தது, ரயில் எங்கே போனது என்ற தேர்வுச் சிக்கல். இதற்கு அவர் தேடிப் பிடித்தது போடாத பாதைகளை. திட்டமிட்டு, அளந்து, பிறகு நிதியாலோ அரசியலாலோ கைவிட்ட பாதைகள் 40,000 கிலோமீட்டருக்கும் மேல். வளரப்போகும் ஊர்களைப் பார்த்துத்தான் ரயில் போட்டார்கள் என்றால், திட்டத்தில் இருந்து கைநழுவிய மாவட்டங்களும் ரயில் இல்லாமலேயே வளர்ந்திருக்க வேண்டும். அவை அப்படி வளரவில்லை. பாதை உண்மையில் வந்த மாவட்டங்களில் மட்டும் வேளாண் உண்மை வருமானம் சராசரியாக 16 சதவீதம் உயர்ந்தது. உயர்வின் பெரும்பகுதி வணிகத்தின் வழியாகவே வந்தது என்றும் அவர் காட்டுகிறார். சந்தைகள் இணைந்தபின் ஒவ்வொரு மாவட்டமும் தனக்கு நன்றாக விளைவதில் ஊன்றி, மற்றதை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள முடிந்தது.

இந்த 16 என்ற எண்ணைத்தான் பொதுவெளியில் கொடிபிடிக்கிறார்கள். அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை மாணவருக்குக் காட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. அது ஒரு முறை நிகழ்ந்த உயர்வு, ஆண்டுதோறும் தொடர்ந்த வளர்ச்சி அல்ல. அதனால்தான் இவ்வளவு ரயில் போட்ட பிறகும் நாட்டின் தலா வருமானம் மிக மெதுவாகவே ஊர்ந்தது. அது நிலத்தின் விளைச்சல் மதிப்பை வைத்துக் கணித்த வருமானம். அந்த வருமானத்தில் மிராசுதாருக்கு எவ்வளவு, குத்தகைதாரருக்கு எவ்வளவு, களையெடுத்த பண்ணையாளுக்கு எவ்வளவு என்று அந்த எண்ணுக்குள் எதுவும் இல்லை. நிலவுரிமை எப்படி அமைந்தது என்பது நீண்டகாலத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் காட்டினார்கள். ஜமீன்தாரி முறை இருந்த மாவட்டங்கள், குடியானவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கிய மாவட்டங்களைவிட, சுதந்திரத்துக்குப் பிறகும் விளைச்சலிலும் பள்ளி, மருத்துவ வசதிகளிலும் பின்தங்கின. ரயில் கொண்டுவந்த கூடுதல் வருமானமும் இதே வாய்க்கால்கள் வழியாகத்தான் பாய்ந்திருக்க வேண்டும். சராசரி உயர்ந்தது என்பது உண்மை. எல்லோர் கஞ்சியும் கெட்டியானது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

பஞ்சத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் உயிர் சம்பந்தப்பட்ட இடம் அதுதான். காந்தி சொன்னது சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று. ராபின் பர்கஸும் டொனால்ட்சனும் 2010இல் அதைச் சோதித்தார்கள். ஒரு மாவட்டத்தில் மழை பொய்த்தால் அங்கே சாவு எவ்வளவு கூடுகிறது, ரயில் வந்த பிறகு அந்தத் தொடர்பு மாறுகிறதா என்று பார்த்தார்கள். ரயிலுக்கு முன் மழைக்குறைவு உயிர்களைக் கடுமையாகப் பறித்தது. ரயில் வந்தபின் அந்தத் தொடர்பு ஏறக்குறைய மறைந்தே போனது. நீங்கள் உடனே கேட்கலாம்: 1880இன் பஞ்ச ஆணையமும் 1883க்குப் பின் வந்த பஞ்ச விதித்தொகுப்புகளும் இதைச் செய்திருக்கலாமே? நியாயமான கேள்வி. விதிகள் ஒரு மாகாணம் முழுவதற்கும் ஒரே காலத்தில் வந்தன, ரயிலோ மாவட்டத்துக்கு மாவட்டம் வெவ்வேறு ஆண்டில் வந்தது. ஒரே மாகாணத்தில், ஒரே விதிகளின் கீழ், ரயில் வந்த இடத்தையும் வராத இடத்தையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஓரளவு பிரித்துவிட முடிகிறது. ஆக, சராசரியாகப் பார்த்தால் காந்தியின் கூற்று நிற்கவில்லை. பஞ்சம் வந்த ஊரிலிருந்து தானியம் வெளியே ஓடியதைவிட உள்ளே ஓடிவந்ததே அதிகம்.

ஆனால் சராசரியோடு நின்றுவிட்டால் நம் மண்ணின் மிகப் பெரிய துயரத்துக்கு விளக்கமே இல்லாமல் போகும். 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன. சேலம் மாவட்டத்தின் வழியே 1860களிலேயே ரயில் போய்க்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மக்கள் இறந்தோ ஊரைவிட்டுப் போயோ இல்லாமலானார்கள். மதராஸ் துறைமுகத்தில் கடல்வழி வந்த தானியம் குவிந்து கிடந்தது, உள்நாட்டுக்கு ஏற்றிச்செல்லப் பெட்டிகள் போதாமல் ரயில் திணறியது. ஏற்றிச்சென்ற தானியமும் சந்தை விலைக்கே விற்றது. மழை பொய்த்த ஊரில் விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. கூலியாளுக்கு வேலை போயிற்று, நெசவாளியின் புடவையை வாங்க ஆள் இல்லை. கையில் காசில்லாதவர் கண்முன் மூட்டை வந்து இறங்கியும் என்ன பயன்?

இதே காலத்தின் இன்னொரு நிகழ்வை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தபோது வங்காள அரசு பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசியை வரவழைத்து, ரயிலிலும் வண்டியிலும் ஏற்றி, நிவாரணமாகத் தாராளமாகக் கொடுத்தது. பட்டினிச் சாவு மிகமிகக் குறைவு. அதை முன்னின்று நடத்தியவர் ரிச்சர்ட் டெம்பிள். தேவைக்கு மேல் செலவழித்துவிட்டார் என்று லண்டனில் கடும் கண்டனம் எழுந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1877இல், அதே டெம்பிளை வைஸ்ராய் லிட்டன் மதராஸுக்குப் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பினார், இம்முறை செலவைச் சுருக்கும்படி. நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று கூலியைக் குறைத்தார் டெம்பிள். மதராஸின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதில் உயிர் நிற்காது என்று எழுத்தில் எதிர்த்தார், ஒன்றரைப் பவுண்டும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று மருத்துவக் காரணங்களோடு வாதிட்டார். சென்னைவாசிகளுக்குப் பழக்கமான பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. இரண்டு மாகாணத்திலும் ரயில் இருந்தது, நிர்வாகியும் ஒருவரே. ஓரிடத்தில் மக்கள் பிழைத்தார்கள், இன்னோரிடத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். மதராஸில் வறட்சி இன்னும் பரந்தது, இன்னும் நீண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேறுபாட்டின் பெரும்பங்கு அரசு எவ்வளவு செலவழிக்கத் தீர்மானித்தது என்பதில் இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

சராசரிக் கணக்கும் சேலத்தின் கதையும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ரயில் தானியத்தை நகர்த்தும், விலை இடைவெளியைக் குறைக்கும், அதனால் பல பஞ்சங்களின் கூர்மையை மழுங்கச் செய்யும். வாங்கும் சக்தியை அது தராது. அமர்த்தியா சென் 1981இல் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான். 1943இல் வங்காளத்தில் ரயில் இருந்தது, உணவு இருப்பும் முந்தைய 1941ஆம் ஆண்டைவிடக் குறைவில்லை. இருந்தும் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டார்கள், காரணம் அவர்களுடைய கூலி அரிசி விலையை எட்டவில்லை. எனவே ரயில் பஞ்சத்தைத் தடுத்ததா, வளர்த்ததா என்ற கேள்வியை அப்படியே மாணவரிடம் வைப்பது நியாயமில்லை. அரசின் எந்தக் கொள்கையோடு சேர்ந்தபோது ரயில் உயிர் காத்தது, எதோடு சேர்ந்தபோது காக்கத் தவறியது என்று கேட்டால், அவர் சிந்திக்க ஏதாவது இருக்கும்.

உங்களில் சிலர் வேறொரு ஐயத்தை எழுப்புவீர்கள்: இந்த எண்கள் எல்லாம் ஆள்பவனின் பதிவேடு, அவனுக்குச் சாதகமாக அவை பேசுவதில் என்ன வியப்பு? பதிவேடுகளில் பிழை உண்டு, ஐயமில்லை. சாவுக் கணக்கு கிராம அதிகாரிகளின் கையில் இருந்தது, பஞ்சக் காலத்தில் எழுதுபவரே ஊரைவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்று யோசியுங்கள். ரயிலோடு தபாலும் ஆய்வாளரும் வந்து பதிவு சீரானது என்றால், ரயில் வந்த மாவட்டத்தில் பதிவான சாவு கூடியிருக்கவேண்டும். கிடைத்த முடிவு அதற்கு நேர் எதிரானது. உப்பு விலையோ, பேரரசின் புகழுக்காக யாரும் திருத்தி எழுதக் காரணமில்லாத ஒன்று. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நௌரோஜியும் தத்தும் பேரரசின் மீது குற்றம் சாட்டியதே இதே பதிவேடுகளை வைத்துத்தான். நமக்குப் பிடித்த முடிவுக்கு மட்டும் அந்த ஏட்டை நம்புவது முறையல்ல.

மிகக் கனமான மறுப்பு வேறு. இப்படியெல்லாம் அளந்து சொன்னால் காலனி ஆட்சிக்கு வெள்ளை பூசுவதாக ஆகாதா என்பது. இதற்கு ஆய்வின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. அது ஒப்பிடுவது ரயில் வந்த மாவட்டத்தையும் வராத மாவட்டத்தையும், இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ். ஆட்சி இருந்த இந்தியாவையும் ஆட்சி இல்லாத இந்தியாவையும் அது ஒப்பிடவே இல்லை, ஒப்பிடவும் முடியாது. ஆகவே 16 சதவீதம் தண்டவாளத்தின் கணக்கில் வரவாகும், ஆட்சியின் கணக்கில் வரவாகாது. தன் அரசின் கீழ் இருந்த ஜப்பான் 1872இல் முதல் பாதையைத் திறந்தது, 1893இல் முதல் எஞ்சினைத் தானே செய்தது. இரண்டே ஆண்டு கழித்து, 1895இல், அஜ்மீர் பட்டறையில் நம் தொழிலாளர்களும் எஞ்சின் செய்துவிட்டார்கள். கைத்திறனில் குறை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஜப்பான் 1906இல் பெரும் பாதைகளை நாட்டுடைமையாக்கி உள்நாட்டு எஞ்சின் தொழிலுக்கு ஆர்டர் கொடுத்து வளர்த்தது. இங்கே ஆர்டர்கள் பிரிட்டனுக்கே போயின. சுதந்திரம் வரை பல ஆயிரம் எஞ்சின்கள் அங்கிருந்து கப்பலேறி வந்தன, இந்தியாவில் செய்தவை சில நூறு மட்டுமே. ரயில் ஒரு நாட்டில் உருக்கு, இயந்திரத் தொழில், பொறியியல் கல்வி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்த்தது இப்படித்தான். 16 சதவீதத்தைப் பாடமாக நடத்தும் அதே வகுப்பில் இந்த இழப்பையும் நடத்தலாம். இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடைகள்.

கம்பெனி உத்தரவாதத்தைப் பற்றிய நம் முன்னோரின் குற்றச்சாட்டு புதிய ஆய்வில் வலுப்பெற்றிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். டான் போகார்ட்டும் லதிகா சௌத்ரியும் கம்பெனி கம்பெனியாகக் கணக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து அரசு பாதைகளை வாங்கத் தொடங்கியது 1879 வாக்கில், ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில். அப்படி உடைமை அரசுக்கு மாறிய பாதைகளில் இயக்கச் செலவு குறைந்தது என்பது அவர்கள் கண்டது. தனியார் என்றால் சிக்கனம், அரசு என்றால் விரயம் என்று இன்று பலர் யோசிக்காமல் சொல்கிறார்கள். லாபத்துக்கு அரசு ஜாமீன் நின்ற தனியாரிடம் அந்தச் சிக்கனம் இருக்கவில்லை. சாலை, துறைமுகம், மின்சாரம் என்று இன்றும் அரசு உத்தரவாதத்தோடு தனியாருக்கு ஒப்பந்தம் கொடுக்கும் நாட்டில், பொருளியல் படிக்கும் இளைஞர் இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டம் வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு குறையை இந்த ஆய்வுகளின் மீதே வைக்கிறேன். கைவிட்ட 40,000 கிலோமீட்டர் பாதை எதனோடு ஒப்பீடு தருகிறது? ரயில் இல்லாத நிலையோடு. அந்தப் பணத்தில் வேறொன்று கட்டியிருந்தால் என்ற நிலையோடு அல்ல. ஆர்தர் காட்டன் வாழ்நாள் முழுவதும் வாதாடியது அந்த வேறொன்றுக்காக. 1836இல் கொள்ளிடத்தின் மீதும், 1852க்குள் தவளேசுவரத்தில் கோதாவரியின் மீதும் அணைக்கட்டு கட்டிய அவர், கால்வாய் நீரும் தரும், படகும் விடும், ரயிலைவிட மலிவு என்றார். தத் பின்னர் அதே வாதத்தை எடுத்துச் சென்றார், ரயிலுக்கு அரசு செலவிட்டது பாசனத்துக்குச் செலவிட்டதைப் போலப் பல மடங்கு என்று காட்டினார். ரயில் விளைந்ததை இடம் மாற்றும், வாய்க்கால் விளையவே வைக்கும். மாவட்ட அளவில் இந்த இரண்டு முதலீட்டையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்கும் ஆய்வு, ரயிலை மட்டும் பார்த்த ஆய்வின் அளவுக்கு நேர்த்தியாக வரவேண்டும். காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளும் வானம் பார்த்த சேலம், கோவை மேட்டுநிலங்களும் அடுத்தடுத்து இருக்கும் தமிழ்நாட்டை விட இதற்குப் பொருத்தமான களம் எது? உங்கள் மாணவர்களில் ஒருவர் அதைச் செய்யக்கூடாதா?

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் கல்வியாண்டில் ரயில்வே பாடத்துக்கு ஒரு வகுப்பு கூடுதலாக ஒதுக்குங்கள். ‘இந்தியாவில் விலைகளும் கூலிகளும்’ என்று ஆண்டுதோறும் கல்கத்தாவிலிருந்து வந்த அரசு அட்டவணைத் தொகுதிகளில் மாவட்ட வாரியாக அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், உப்பு விலைகள் இருக்கின்றன. லெ ஃபானு 1883இல் தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு போன்ற நூல்களில் பஞ்ச காலத்துக் கணக்குகள் உள்ளன. பழைய நூலகங்களிலும் இணையத்திலும் இவற்றைத் தேடிப் பிடிக்கலாம். உங்கள் ஊருக்கு ரயில் வந்த ஆண்டை எடுத்துக்கொண்டு, அதற்கு முன் பத்தாண்டும் பின் பத்தாண்டும் கேழ்வரகு விலை பக்கத்து மாவட்ட விலையிலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்று மாணவரைக் கோடு வரையச் சொல்லுங்கள். பிறகு அதே தாளில் அதே ஆண்டுகளின் விவசாயக் கூலியையும் வரையச் சொல்லுங்கள். விலைக்கோடுகள் நெருங்கும் ஆண்டுகளில் கூலிக்கோடு ஏறியதா, கிடந்ததா, இறங்கியதா என்பதைத் தேர்வுத்தாளில் கேளுங்கள். ஊருக்கு ஊர் விடை மாறும். திருத்துவது உங்களுக்குச் சிரமமாகத்தான் இருக்கும். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்புடன்,
பொருளியல் வரலாற்றின் வாசகர் ஒருவர்